சிறுநீரகக் கல்லுக்கு லேசர்: கத்தி இல்லை, ஆனால் கவனம் தேவை

மரக்காணம் உப்பளங்களில் வெயில் ஏற ஏற உப்பு விளையும். வேலையும் அப்போதுதான் அதிகம். ஒதுங்கக் கழிப்பறை இல்லாத இடங்களில் நம் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வியர்வையில் நீர் போய், குடிக்கும் நீரும் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிறது. அதில் கரைந்திருக்கும் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் ஆகியவை படிகமாகி, நாளடைவில் கல்லாகின்றன. பாத்தியில் நீர் வற்ற உப்பு படிவது போலத்தான் இதுவும்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய 10-ல் 9 பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தனர். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வளைகுடா நாடுகளில் வெயிலில் உழைக்கும் நம் சகோதரர்களும் இதே ஆபத்தில்தான் இருக்கிறார்கள்.

லேசர் என்ன செய்கிறது?

5 மி.மீ.க்கு உட்பட்ட கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். அதைவிடப் பெரிய கல் சிறுநீர்க் குழாயை அடைத்தால் சிகிச்சை தேவைப்படலாம். மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய தொலைநோக்குக் குழாயைச் செலுத்துகிறார்கள். அதனுள் செல்லும் நூல் போன்ற கண்ணாடி இழை வழியே லேசர் கல்லைத் தாக்குகிறது. உடம்பில் கத்தி படுவதில்லை. பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள்.

1990-களிலிருந்து ஹோல்மியம் லேசர் இப்பணியைச் செய்து வருகிறது. அண்மை ஆண்டுகளில் துலியம் ஃபைபர் லேசர் வந்திருக்கிறது. இதன் இழை இன்னும் மெல்லியது. வளைந்து சென்று சிறுநீரகத்தின் உள்மூலைகளையும் எட்டும். கல்லைத் துண்டாக்காமல் மாவு போலப் பொடியாக்கும். அந்தப் பொடியை உறிஞ்சி எடுக்கும் குழாய்களும் இப்போது புழக்கத்துக்கு வந்துள்ளன.

ஆனால் எல்லாக் கல்லுக்கும் இது பொருந்தாது. 2 செ.மீ.க்கு மேற்பட்ட கற்களுக்கு முதுகில் சிறு துளையிட்டு அகற்றும் முறையே பெரும்பாலும் சிறந்தது. சில கற்களை வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தியும் உடைக்கலாம். எது ஏற்றது என்பதைக் கல்லின் அளவும் இடமும் தீர்மானிக்கும்.

மறக்கக்கூடாத ஸ்டென்ட்

சிகிச்சை முடிந்ததும் சிறுநீர் தடையின்றி இறங்க, உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைப்பதுண்டு. வலி நின்றுவிட்டதே என்று சிலர் அதை எடுக்கப் போவதில்லை. மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் அதன் மேலேயே கல் படியும், சிறுநீரகமே பழுதாகலாம். ஸ்டென்ட் வைத்தார்களா, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்று கேட்டு, வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், தங்களுக்குரிய சிகிச்சை அதில் அடங்குமா என்று முன்கூட்டியே மருத்துவமனையில் கேட்டறியலாம்.

வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ அது அவசர நிலை. வாழைத்தண்டுச் சாறு குடித்துப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். கால்சியம் கற்களை அது கரைத்துவிடாது.

கல் திரும்பி வராமல் இருக்க

லேசர் இருக்கும் கல்லைத்தான் உடைக்கும். கல் உருவாகும் காரணத்தை மாற்றாது. ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 ஆண்டுகளுக்குள் மீண்டும் வருகிறது. நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். வெயிலில் உழைப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவை. ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறையுங்கள். கால்சியத்துக்குப் பயந்து பாலை நிறுத்த வேண்டியதில்லை.

நோன்பு காலத்தில் இஃப்தார் முதல் சஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிப்பது நல்லது. கல் உள்ளவர்கள் ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளட்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

வேலையிடத்தில் குடிநீர், நிழல், கழிப்பறை ஆகிய மூன்றும் இல்லாமல், சிகிச்சை முடிந்தவரை அதே வெயிலுக்கு அனுப்பினால் கல் மறுபடியும் வரும். இவற்றைக் கேட்டுப் பெற உப்பளத் தொழிலாளர்களுக்குத் துணை நிற்பது நம் எல்லோருடைய கடமை.