மைக்கை எங்கே பிடிப்பது?

திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலையோர டீக்கடையில் உட்கார்ந்தால் எதையும் கத்தித்தான் பேசவேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். வரிசை ஓரடி நகர்ந்தாலும் ஏர் பிரேக் சீறும். அந்த இரைச்சலில்தான் தம்பி பையிலிருந்து ஓர் அலுமினிய வளையத்தை எடுத்து பெஞ்சில் வைத்தான். லேத்து பட்டறையில் கடைந்தது. ஒரு பக்க மரை கேமராவுக்கு, மறுபக்க மரை நைட் விஷன் குழாய்க்கு. குழாய் இன்னும் வாங்கவில்லை.

"அண்ணே, டெலஸ்கோப்பு பின்னாடி அந்தக் குழாய், அதுக்குப் பின்னாடி கேமரா. நம்ம மொட்டை மாடியிலேர்ந்தே நெபுலா எடுத்துடலாம்ல?"

எடுக்கலாம். ஆனால் அவன் நினைத்திருக்கும் காரணத்துக்காக அல்ல. இருட்டில் இல்லாத வெளிச்சத்தை அந்தக் குழாய் உண்டாக்குகிறது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். ரெண்டு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

குழாயின் முன்முனையில் ஒரு மெல்லிய பூச்சு. அதில் ஓர் ஒளித்துகள் விழுந்தால், அதிர்ஷ்டம் இருந்தால், ஓர் எலக்ட்ரான் கழன்று வரும். பின்னால் கண்ணாடியாலான ஒரு வில்லை இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான துளைகள், ஒவ்வொன்றும் தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிது. வில்லையின் இரு பக்கத்துக்கும் நடுவே ஆயிரம் வோல்ட்டை ஒட்டி மின்னழுத்தம். துளைக்குள் நுழைந்த எலக்ட்ரான் சுவரில் மோதும், இரண்டு மூன்று புது எலக்ட்ரான்கள் கிளம்பும், அவையும் போய் மோதும். காசிமேட்டில் ஒருத்தர் காதில் "வஞ்சிரம் வந்திருக்கு" என்று சொன்ன சேதி, ஏலக்கூடத்தின் மறுகோடியில் பெருங்கும்பலாகப் போய்ச் சேர்வதில்லையா, அந்த மாதிரி. கடைசியில் அந்தக் கும்பல் ஒரு பாஸ்பர் திரையில் மோத, பச்சையாக ஒரு பொட்டு மின்னுகிறது. வந்தது ஓர் ஒளித்துகள், தெரிவது பளிச்சென்று ஒரு புள்ளி.

வதந்தியும் அதே வேகத்தில் பரவும் என்பதையும் சொல்லவேண்டும். வெப்பத்தால் பூச்சிலிருந்து தானாகவே கழன்றுவரும் எலக்ட்ரானையும் வில்லை இதேபோல் பெருக்கித் தரும். மே மாத இரவில் குழாய் காட்டும் மினுமினுப்பில் ஒரு பங்கு வானத்துடையதே இல்லை.

"அப்ப கேமராவுக்கு அதிக வெளிச்சம் கிடைக்குதுல்ல?"

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். நல்ல குழாயின் பூச்சுகூட மூன்று ஒளித்துகளில் ஏறத்தாழ ஒன்றைத்தான் பிடிக்கும். இன்றைய நல்ல சிமாஸ் சென்சார் ஐந்தில் மூன்று, நான்கைக்கூடப் பிடித்துவிடும். நட்சத்திர வெளிச்சத்தைச் சேகரிப்பதில் குழாய் கேமராவிடம் தோற்றுத்தான் போகிறது. பிறகு எதற்குக் குழாய்?

சென்சாரில் சேர்ந்த மின்னூட்டத்தை எண்ணிச் சொல்லும்போது அதன் மின்னணுச் சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சல் சேர்க்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை. நொடிக்கு 30 படம் எடுத்தால் 30 முறை. இந்த டீக்கடையில் ஒருத்தர் ரகசியம் சொல்கிறார், லாரி இரைச்சலில் கேட்கவில்லை என்று வையுங்கள். அவர் வாயருகே மைக்கைப் பிடித்தால் ரகசியம் இரைச்சலை மீறிக் கேட்கும். குழாய் அந்த மைக்தான். கேமராவின் இரைச்சல் சேருவதற்கு முன்பே ஒளித்துகளை உரக்கச் சொல்லிவிடுகிறது.

இந்த வித்தையை முழுசாகச் செய்துகாட்டிய கருவி நம் பக்கத்திலிருந்தே மேலே போனது. எண்ணூர்க் கரையில் நின்று வடக்கே பார்த்தால், பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. 2015 செப்டம்பர் 28 காலை 10 மணிக்கு அங்கிருந்து பி.எஸ்.எல்.வி. சி-30 ராக்கெட் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு போனது. அதிலுள்ள யூ.வி.ஐ.டி. என்ற புறஊதாத் தொலைநோக்கியை உருவாக்குவதில் முன்னின்றது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். உணர்விகள் கனடா விண்வெளி முகமையோடு சேர்ந்து செய்தவை. உள்ளே இருப்பது தம்பியின் திட்டமேதான். முன்னால் ஒளிபெருக்கிக் குழாய், பின்னால் 512-க்கு 512 பிக்சல் சிமாஸ் சென்சார், நடுவில் லென்ஸுக்குப் பதில் ஒரு முனை அகன்று மறுமுனை ஒடுங்கிய கண்ணாடி இழைக்கட்டு. நொடிக்கு 29 படம். ஒவ்வோர் ஒளித்துகளும் சில பிக்சல்களில் பரவிய ஒரு பொட்டாக விழும். அந்தப் பொட்டின் நடுமையத்தைப் பிக்சலில் 32-ல் ஒரு பங்குவரை கணக்கிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகும். 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கு மேல் அப்படி எண்ணியதில் 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் புறஊதா ஒளி சிக்கியது, 2020-ல் அறிவித்தார்கள்.

தம்பியின் கண் விரிந்தது. நான் டீயை முடித்துக்கொண்டு கெட்ட சேதிக்கு வந்தேன்.

ஆஸ்ட்ரோசாட் பார்க்கும் புறஊதா வானம் நல்ல கறுப்பு. நமக்கு இந்தப் பக்கம் துறைமுகத்து உயரக் கம்ப விளக்குகள், அந்தப் பக்கம் மணலி ஆலைகளின் தீச்சுடர், நடுவில் சாலை விளக்கு. இங்கே இரைச்சல் கேமராவுக்குள் இல்லை, வானத்திலேயே இருக்கிறது. ரகசியம் சொல்பவர் வாய்க்குப் பக்கத்திலேயே ஒருவன் தகரம் தட்டினால் மைக்கால் என்ன பயன்? தகரமும் சேர்ந்தல்லவா உரக்கக் கேட்கும்! 1861-ல் நுங்கம்பாக்கம் ஆய்வகத்தில் நார்மன் போக்சன் 'ஏசியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். ராயபுரம் ஸ்டேஷன் திறந்து ஐந்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் காலத்து இருட்டு இனி இந்த ஊர் வானத்துக்குத் திரும்பாது.

தகரம் தட்டுபவனை வெளியே அனுப்பும் வழி ஒன்று உண்டு. நெபுலாவில் ஒளிரும் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் ஒரே ஒரு சிவப்பைத் தருகிறது. பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் ஒளி முக்கியமாக 589-ல். வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கொட்டும். 7 நானோமீட்டர் மட்டும் விடும் ஹெச்-ஆல்பா ஃபில்டரைப் போட்டால் சோடியம் வெளியே, எல்.இ.டி.யில் நாற்பதில் ஒரு பங்குகூட உள்ளே வராது. வானம் கறுத்துவிடும், ஒளித்துகள்கள் ஒன்றிரண்டாகச் சொட்டும். அப்போதுதான் குழாய்க்கு வேலை வருகிறது. நெபுலா திரையில் உயிரோடு, அந்தக் கணமே தெரியும்.

மாட்டுவது எப்படி என்று கேட்டான். வளையம் சரியாகத்தான் கடைந்திருந்தான். உள்பக்கம் பளபளத்தது, கறுப்பு அடிக்கச் சொன்னேன். குழாயின் கண்வில்லைக்குப் பின்னால் கேமரா லென்ஸ், முடிவிலிக்கு ஃபோகஸ் செய்து, ஒரே நேர்கோட்டில். விலையுயர்ந்த 50 மெகாபிக்சல் கேமரா வேண்டாம். 18 மி.மீ. திரையில் மில்லிமீட்டருக்கு 64 கோட்டு ஜோடி தெரிந்தால் குறுக்கே 2,300 பிக்சல் போதும். முன்பக்கம் நீளமான டெலஸ்கோப்பைவிட எஃப் எண் குறைந்த பழைய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸே மேல். நொடியில் 30-ல் ஒரு பங்கில் எடுத்தால் படம் முழுக்க ரவை தூவிய மாதிரி இருக்கும். நூறு படத்தை அடுக்கிச் சராசரி எடுத்தால் அடங்கும். துறைமுக விளக்கின் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, பூச்சு கருகிவிடும்.

"ஃபில்டர மட்டும் வாங்கி, குழாயே இல்லாம கேமராவுல நீளமா எக்ஸ்போஷர் வச்சா?"

வரும். ஐந்து நிமிட எக்ஸ்போஷர்கள் பத்து, சுழலும் மோட்டார் ஸ்டாண்டில். போட்டோ என்ற அளவில் அதுதான் நன்றாகவும் இருக்கும். கண்முன்னே அசைவோடு பார்க்கவும் வீடியோ எடுக்கவும்தான் குழாய்.

வளையத்தைக் கையில் உருட்டியபடி யோசித்தான். மார்கழியில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே கடல்மேல் திருவாதிரை ஏறியிருக்கும். அதற்குத் தெற்கே வரிசையாய் மூன்று நட்சத்திரம், அதை ஒட்டி ஒரு நெபுலா. முதலில் ஃபில்டரை வாங்கு, குழாயை அடுத்த மார்கழிக்குப் பார்க்கலாம் என்றேன்.