சைக்கிள் பாகம் செய்ய சி.என்.சி. மெஷின்: கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்வோம்



கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள நம் குழுக்களில் சில மாதங்களாக ஒரே பேச்சு. "சி.என்.சி. மெஷின் ஒண்ணு போட்டா சைக்கிள் பாகமெல்லாம் நாமளே செஞ்சு விக்கலாமாமே, லோனும் தர்றாங்களாமே, நெசமா மேடம்?" என்று கூட்டத்துக்குப் போகும் இடமெல்லாம் கேட்கிறார்கள். கேட்பது நல்லது. கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்தான் ஆபத்து. அதனால் இந்த மாதம் அதைப் பற்றியே விளக்கமாக எழுதுகிறோம்.

சைக்கிளும் நாமும்

1991-92-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. இன்று நம் வீடுகளில் சைக்கிள் இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன புஷ் தேய்ந்துபோனால், அதே அளவில் கிடைக்காமல் மாதக்கணக்கில் சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது. குடம் வைக்கவும் காய்கறிக் கூடை கட்டவும் ஏற்ற கேரியரும் கடையில் இருப்பதில்லை. ஆகவே தேவை உண்மைதான். மெஷின் வாங்குவது அதற்குச் சரியான வழியா என்பதுதான் கேள்வி.

சி.என்.சி. என்றால் என்ன?

லேத் பட்டறையில் டர்னர் கையால் சக்கரத்தைத் திருப்பி இரும்பைக் கடைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கையின் வேலையைக் கணினி செய்தால் அது சி.என்.சி. நாம் புள்ளிக் கோலம் சொல்லித் தரும்போது "இந்தப் புள்ளியிலேருந்து வலது பக்கம் மூணு, மேலே ரெண்டு" என்போம் அல்லவா? அதேபோல மெஷினுக்கும் எண்ணால் வழி சொல்ல வேண்டும். ஜி 00 என்றால் வேகமாக நகர். ஜி 01 என்றால் வெட்டிக்கொண்டே நேராகப் போ. ஜி 02, ஜி 03 என்றால் வளைந்து போ. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952-ல் எண்களால் இயங்கும் மில்லிங் மெஷினை முதலில் ஓட்டிக் காட்டியது. இன்று நம் கோயம்புத்தூரிலேயே சி.என்.சி. மெஷின் தயாராகிறது.

மெஷினுக்குச் சொந்த புத்தி கிடையாது. தப்பான அளவு கொடுத்தால் தப்பான பாகத்தையே நூறு முறை அச்சு மாறாமல் வெட்டித் தரும்.

அளவுதான் முதல் வேலை

பழைய பாகத்தைக் கழற்றி, துடைத்து, வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். தேய்ந்த இடத்தை அளந்தால் தேய்ந்த அளவுதான் வரும். எனவே தேயாத ஓரத்தையும், அது போய் உட்காரும் துளையையும் சேர்த்து அளக்க வேண்டும்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? சைக்கிள் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் உள்ள தூரம் 12.7 மி.மீ., அதாவது அரை இஞ்ச். 44 பல் உள்ள செயின் வீலில் பல்லுக்குப் பல் 0.1 மி.மீ. கூடினால், ஒரு சுற்று முடியும்போது 4.4 மி.மீ. கூடிவிடும். செயின் கழன்று விழும். பெடல் மரையிலும் கவனம் வேண்டும். வலது பெடலுக்கு வழக்கமான மரை, இடது பெடலுக்கு எதிர் மரை. ஓட்டும்போது தானாகக் கழலாமல் இருக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

1. செய்யத் தகுந்தவை: புஷ், ஸ்பேசர், சீட் கம்பிக்கான ஸ்லீவ், விளக்கு, கூடை மாட்டும் கிளாம்ப். இவை பழுதானாலும் உயிருக்கு ஆபத்து குறைவு. ஆனாலும் சுமை ஏற்றிப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

2. சி.என்.சி. தேவைப்படாதவை: இரண்டு துளை போட்ட பட்டைக்கு டிரில்லிங் மெஷினும் ஒரு தகரத்து அளவு அச்சும் போதும். நூறு பட்டையிலும் துளை ஒரே இடத்தில் வரும்.

3. தொடக்கூடாதவை: ஃபோர்க், ஹேண்டில் பார் தண்டு, கிராங்க், ஆக்சில், பிரேக் பாகங்கள். தினமும் மேடு பள்ளத்தில் அடிபட்டு உலோகம் மெல்ல மெல்ல விரிசல் விடும். வெளியே தெரியாது, ஒருநாள் திடீரென்று முறியும். முன்னால் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளையாக இருக்கலாம். இவற்றைச் சோதனைக்கூட வசதியுள்ள தொழிற்சாலைகளுக்கே விட்டுவிடுவோம்.

ஒரு பாகம் என்ன விலை ஆகும்?

கணக்குப் புரிவதற்காக ஒரு உதாரணம். மெஷின் வாடகை மணிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புரோகிராம் எழுதி மெஷினைத் தயார் செய்ய 2 மணி நேரம், அதாவது 800 ரூபாய். ஒரு பாகம் வெட்ட 6 நிமிடம், அதாவது 40 ரூபாய்.

ஒன்று மட்டும் செய்தால் 840 ரூபாய்.
10 செய்தால் ஒன்று 120 ரூபாய்.
100 செய்தால் ஒன்று 48 ரூபாய்.

உலோகத்தின் விலை தனி. முதல் பாகத்தில்தான் செலவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். அதனால் 100 பேர் வாங்குவார்களா என்பது தெரியாமல் தொடங்கக் கூடாது. தெரிந்துவிட்டால், சொந்த மெஷின் இல்லாமலே வரைபடமும் மாதிரியும் கொடுத்து, கூலிக்கு வெட்டித் தரும் பட்டறையில் செய்துகொள்ளலாம். நம் முதலீடு ஒரு காலிப்பரும் நல்ல வரைபடமும்தான்.

கடன் கேட்கும் முன்

மெஷின் பல லட்சம் ரூபாய். மும்முனை மின்சாரம், வெட்டும் டூல், கூலன்ட், ஓட்டத் தெரிந்த ஆள் எல்லாம் அதற்கு மேல். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) 2025-26 வரைக்கான விதிப்படி கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். இப்போதைய விதியை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். மானியம் கையில் வராது. வங்கியில் 3 ஆண்டு வைப்பாக இருந்து, தொழில் ஒழுங்காக நடந்தால்தான் கடனில் கழியும். மாதத் தவணை முதல் நாளிலிருந்தே நம்முடையது. விண்ணப்பிக்க ஏஜென்டும் தேவையில்லை, கமிஷனும் தேவையில்லை. "செய்றதையெல்லாம் நாங்களே வாங்கிக்கிறோம்" என்று யாராவது சொன்னால், என்ன பாகம், எத்தனை, என்ன விலை, எந்தத் தேதியில் பணம் என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மெஷினை விட முந்தியது படிப்பு

பத்தாம் வகுப்பு முடித்த மகள்களுக்கு ஐ.டி.ஐ-யில் டர்னர், மெஷினிஸ்ட் என்று 2 ஆண்டுப் படிப்புகள் உள்ளன. 2023-ல் தமிழ்நாட்டின் பல அரசு ஐ.டி.ஐ-கள் நவீன மெஷின்களுடன் மேம்படுத்தப்பட்டன. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்காக 2022-ல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் ஐ.டி.ஐ. படிப்பும் சேர்ந்திருந்தது. "பொம்பளப் புள்ளைக்கு லேத் எதுக்கு" என்ற பேச்சை நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பட்டறைக்குள் போகும்போது முந்தானை, துப்பட்டா, வளையல், தொங்கும் பின்னல் மட்டும் கூடாது. சுற்றும் மெஷின் இழுத்துவிடும்.

அடுத்த கூட்டத்தில்

ஒவ்வொரு குழுவும் பாகம் இல்லாமல் நிற்கும் சைக்கிள்களை எண்ணி, எந்தப் பாகம், எத்தனை பேருக்கு வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதி வாருங்கள். ஒரே பாகம் 100 பேருக்குத் தேவை என்று வந்தால், மாதிரி செய்து பார்க்கும் செலவைக் கூட்டமைப்பில் வைத்துப் பேசுவோம். அதுவரை மெஷின் கடனுக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.