கியர் இல்லாத ஸ்கூட்டரில் பெல்ட்டைக் கவனிக்கிறீர்களா?

தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரங்களுடன் புறப்படும் ஸ்கூட்டர் நடுவழியில் நின்றால், அன்றைய வியாபாரம் போயிற்று. செம்பூரிலிருந்து வேலைக்குச் செல்லும் குமாஸ்தாவுக்கு அரைநாள் லீவு போயிற்று. என்ஜின் ஓடும், ஆக்சிலேட்டரைத் திருகினால் உறுமும், சக்கரம் மட்டும் சுற்றாது. பெரும்பாலும் பெல்ட் அறுந்திருக்கும்.

ஆனால் பெல்ட் திடீரென்று அறுவது குறைவு. முன்கூட்டியே அறிகுறி காட்டும். அதை அறிந்தவருக்கு ஒருநாள் பிழைப்பு மிஞ்சும்.

ஒரு காலத்தில் பம்பாய்த் தெருக்களில் ஓடியவை லாம்பிரட்டாவும் பஜாஜும்தான். இடது கையால் கிளட்சைப் பிடித்து கியரைத் திருப்ப வேண்டும். 1984-ல் வந்த கைனெடிக் ஹோண்டா அந்த வேலையை ஒழித்தது. 2001-ல் ஆக்டிவா வந்த பிறகு கியர் இல்லாத ஸ்கூட்டரே வழக்கமாகிவிட்டது. ஹாலந்து நாட்டின் டாப் நிறுவனம் 1958-லேயே இதே தத்துவத்தைக் காரில் பயன்படுத்தியிருந்தது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி. இரண்டையும் இணைப்பது ஆப்பு வடிவ ரப்பர் பெல்ட். முன் புல்லிக்குள் சிறு ரோலர்கள் உள்ளன. என்ஜின் வேகம் கூடும்போது அவை வெளிப்புறம் ஒதுங்கி, புல்லியின் தட்டை நெருக்கும். பெல்ட் அங்கே மேலே ஏறும். பின் புல்லியில் கீழே இறங்கும். கியர் தானாக மாறுவது இப்படித்தான். பின்னாலுள்ள கிளட்ச் ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடித்ததும் வண்டி நகரும்.

அறிகுறிகள்

என்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லையா? பெல்ட் தேய்ந்து வழுக்குகிறது. புறப்படும்போது வண்டி நடுங்கினால் கிளட்ச் ஷூவைப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் கடகடவென்று சத்தம் கேட்டால் ரோலர்கள் தட்டையாகி இருக்கலாம். ரப்பர் தீய்ந்த வாடை வந்தால் தாமதிக்கவே கூடாது.

பல வண்டிகளில் சுமார் 24,000 கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றச் சொல்கிறார்கள். அவரவர் வண்டிக் கையேட்டில் உள்ள கணக்கே சரியானது. தினமும் சுமை ஏற்றுவோர் அதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. ஓரத்தில் வெடிப்போ பிரிந்த நூலோ தெரிந்தால், கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

மும்பைக்கு மட்டும் உரிய தொல்லை

சயான் சிக்னல் நெரிசலில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரைத் திருகுவோர் பலர். கிளட்ச் ஷூ அங்கேதான் கருகுகிறது. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் தேங்கும் தண்ணீரில் வண்டியை இறக்கினால், பெட்டிக்குள் நீர் புகுந்து பெல்ட் வழுக்கும். அப்போது முறுக்கி ஓட்டாமல் தள்ளிச் செல்வதே லாபம். பிறகு பெட்டியைத் திறந்து உலர்த்திச் சுத்தம் செய்ய வேண்டும். கியர் ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

மெக்கானிக்கிடம் கவனிக்க வேண்டியவை

குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பெல்ட் பல விலையில் கிடைக்கும். வண்டியின் மாடலுக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள். பெல்ட்டிலும் புல்லித் தட்டிலும் எண்ணெய், கிரீஸ் படக்கூடாது. பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையில் அமைய வேண்டும். முன் புல்லி நட்டை உரிய அளவுக்கு முறுக்காவிட்டால் தண்டே கெட்டுவிடும்.

'பிக்கப்' வேண்டும் என்று எடை குறைந்த ரோலர் போடுவோரும் உண்டு. மேட்டில் இழுவை கிடைக்கலாம்; என்ஜின் வேகமாகச் சுற்றுவதால் பெட்ரோல் செலவும் ஏறும். தினப் பிழைப்புக்கு ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன எடையே போதும்.

கழற்றிய பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெடிப்பு அதிகம் இல்லாமல் இருந்தால், அதையே சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். நடுவழியில் புது பெல்ட் அறுந்தாலும் வீடு வந்து சேர அது உதவும்.