வேலியோரம் செங்காந்தள்: வருமானமும் உண்டு, விஷமும் உண்டு!



மழை விழுந்ததும் நம் ஜவ்வாது மலைப் புதர்களில் ஒரு கொடி தலைகாட்டும். இலை நுனியாலேயே பக்கத்துச் செடியைச் சுற்றிப் பிடித்து மேலே ஏறும். முதலில் பச்சையும் மஞ்சளுமாக விரியும் பூ, நாலைந்து நாளில் நெருப்புச் சிவப்பாகிவிடும். அதுதான் செங்காந்தள். கண்வலிக்கிழங்கு, கார்த்திகைப் பூ என்றும் சொல்வோம். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

எதற்கு விலை?

பூவுக்கு இல்லை, விதைக்குத்தான் விலை. விதையில் உள்ள கால்ச்சிசின் என்ற பொருளில் இருந்து கீல்வாதத்துக்கு மருந்து தயாரிக்கிறார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கத்தில் இதை வயலிலேயே பயிர் செய்கிறார்கள்.

எப்படி வளர்ப்பது?

● விதை போட்டால் பூக்க மூணு, நாலு வருஷம் ஆகும். அதனால் கிழங்கைத்தான் நட வேண்டும்.

● கிழங்கு கவட்டை மாதிரி இருக்கும். முளை அதன் நுனியில் மட்டுமே உண்டு. நுனி ஒடிந்தால் முளைக்காது. பக்குவமாகக் கையாளுங்கள்.

● ஆனி, ஆடியில் நடலாம். தண்ணீர் வடியும் செம்மண் நல்லது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

● ஒன்றரை அடி இடைவெளி விட்டு, மக்கிய தொழு உரம் போட்டு நடவும். கொடி ஏற வேலியோ, காய்ந்த குச்சியோ வேண்டும்.

பெண்கள் கை பட்டால்தான் காய்!

இந்தப் பூவில் சூல்தண்டு நேராக நிற்காமல் பக்கவாட்டில் மடங்கி நிற்கும். ஆறு மகரந்தப் பைகளும் அதைவிட்டு விலகி இருக்கும். அதனால் மகரந்தம் தானாகப் போய்ச் சேருவது குறைவு. தினமும் காலையில் மகரந்தத்தை எடுத்துச் சூல்தண்டின் நுனியில் தொட்டு வைக்க வேண்டும். இதை விட்டால் பூ நிறைய இருக்கும், காய் இருக்காது. பயிர் செய்யும் ஊர்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள்.

நட்டு ஐந்தரை, ஆறு மாதத்தில் காய் முற்றும். பறித்து நிழலில் உலர்த்தி விதை எடுக்கலாம். கொடி காய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு உறங்கும். அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும்.

உஷார்!

செடி முழுக்க விஷம். கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ‘சரியாப் போயிடும்’ என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தெரியும் முன்பே 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன சாப்பிட்டார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

விதையைச் சமையலறையில் வைக்கக் கூடாது. புள்ளைங்க கைக்கும், ஆடு மாடு வாய்க்கும் எட்டாமல் வையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கடன் வாங்கும் முன்

கிழங்கு வாங்கும் செலவே பெரிய செலவு. விதை விலையோ வருஷத்துக்கு வருஷம் ஏறும், இறங்கும். யார் வாங்குவார், போன வருஷம் என்ன விலை கொடுத்தார் என்று விசாரித்த பிறகே குழுவில் கடன் கேளுங்கள். முதல் வருஷம் வேலியோரத்தில் பத்து, இருபது கிழங்கு போதும். வேலை பழகிவிடும், நஷ்டமும் பெரிதாகாது.

செலவு மிச்சம் என்று காட்டில் உள்ள கிழங்கைத் தோண்ட வேண்டாம். தோண்டிய இடத்தில் அடுத்த மழைக்குக் கொடி வராது. வட்டார தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு, பயிர் செய்பவர்களிடம் கிழங்கு வாங்குவோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். நடுகிறோமோ இல்லையோ, விஷம் பற்றிய செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரட்டும்!