துருவப் பயணத்தின் முதல் வாசல் தில்லி: அடுத்தடுத்து வரும் மாநாடுகளும் காத்திருக்கும் வாய்ப்புகளும்

புதுதில்லி: அண்டார்டிகாவில் ஓராண்டு தங்கிப் பணியாற்றத் தேர்வாகும் இந்தியரின் பயணம், தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் தொடங்குகிறது. உடல்நலத்துடன் மனநலமும் அங்கே சோதிக்கப்படுகிறது. அதில் தேறியவர்கள் உத்தராகண்ட் மாநிலம் ஆலியில், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பனிமலைப் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார்கள். அதன் பிறகுதான் கடற்பயணமோ விமானப் பயணமோ.

துருவப் பகுதிகளைப் பற்றிய கொள்கை முடிவுகளும் இதே நகரில்தான் எடுக்கப்படுகின்றன. லோதி சாலையில் உள்ள பிருத்வி பவனில் மத்திய புவி அறிவியல் அமைச்சகம் இயங்குகிறது. ஆய்வுப் பயணங்களை நடத்தும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் கோவாவின் வாஸ்கோடகாமாவில் இருந்தாலும், நிதி ஒதுக்கீடும் அயல்நாடுகளுடனான பேச்சும் தில்லி வழியாகவே நடைபெறுகின்றன.

இந்த 2026-ஆம் ஆண்டு துருவ அறிவியல் உலகுக்கு நெருக்கடியான கால அட்டவணையைக் கொண்டது. ஆர்க்டிக் அறிவியல் உச்சி வாரம் மார்ச் இறுதியில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரிலும், அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளின் 48-ஆவது ஆலோசனைக் கூட்டம் மே மாதம் ஜப்பானின் ஹிரோஷிமாவிலும், அண்டார்டிக் ஆராய்ச்சிக்கான அறிவியல் குழுவின் திறந்தநிலை மாநாடு ஆகஸ்டில் நார்வே தலைநகர் ஓஸ்லோவிலும் நடைபெறுகின்றன. அக்டோபரில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் வழக்கமான ஆர்க்டிக் வட்டப் பேரவை கூடும். இவற்றில் பொதுமக்களின் கவனத்தை ஏறத்தாழ ஈர்க்காததும், ஆனால் மிகுந்த அதிகாரம் கொண்டதும் ஹிரோஷிமா கூட்டம்தான்.

இருக்கை கிடைத்த கதை

அண்டார்டிகா எந்த நாட்டுக்கும் உரிய ஆட்சிப் பகுதியாக இன்று நடத்தப்படுவதில்லை. ஏழு நாடுகள் அதன் பகுதிகளுக்கு உரிமை கோரின. அந்தக் கோரிக்கைகளை அப்படியே உறைய வைத்துவிட்டு, கண்டத்தை அமைதிப் பணிகளுக்கும் அறிவியலுக்கும் ஒதுக்கும் ஒப்பந்தம் 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் கையெழுத்தானது. கையெழுத்திட்ட நாடுகள் 12. அவற்றில் இந்தியா இல்லை.

இந்தியா அதற்கு முன்பே இதுபற்றிப் பேசத் தொடங்கியிருந்தது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. 1956-இலும் 1958-இலும் அண்டார்டிகா பிரச்சினையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க இந்தியா முயன்றது. ஆதரவு திரளாததால் இரு முறையும் அம்முயற்சி கைவிடப்பட்டது. வாஷிங்டன் மேசையில் அமர்ந்தவை 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டின்போது அந்தக் கண்டத்தில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்த நாடுகள். இந்தியாவுக்கு அப்போது அங்கு ஒரு கூடாரம்கூட இல்லை.

நிலைமை மாறியது 1981-இல். கடலியலாளர் எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு, நார்வேயிடமிருந்து வாடகைக்கு அமர்த்திய ‘போலார்சர்க்கிள்’ கப்பலில் அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து பெரிய அறிவிப்பு எதுவுமின்றிப் புறப்பட்டது. 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் கால் பதித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று இந்தியா ஒப்பந்தத்தில் இணைந்தது. ஒரு மாதம்கூட முழுமையாகக் கடப்பதற்குள், செப்டம்பர் 12 அன்று, முடிவெடுக்கும் உரிமை கொண்ட ஆலோசனைத் தகுதியைப் பெற்றது. ஐ.நா. மன்றத்தில் வாதத்தால் கிடைக்காதது, ஒரு கப்பலும் 21 மனிதர்களும் சென்று வந்ததால் கிடைத்தது.

இதற்கான காரணம் ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவில் இருக்கிறது. பின்னர் சேரும் எந்த நாடும், ஆய்வு நிலையம் அமைப்பது அல்லது ஆய்வுக் குழுவை அனுப்புவது போன்ற கணிசமான அறிவியல் பணியை அங்கே மேற்கொண்டால்தான் முடிவெடுக்கும் மேசையில் இடம் பெறும். ஒப்பந்தத்தில் இணைந்துள்ள நாடுகள் இன்று 58 ஆகப் பெருகியிருந்தாலும் அந்த உரிமை 29 நாடுகளுக்கு மட்டுமே உண்டு. அந்த 29-லும் ஒவ்வொன்றின் இசைவும் தேவை. வாக்கெடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒருமித்த கருத்து என்ற இந்த விதி இருபுறமும் கூர்மையானது. பேரரசப் பெங்குவினைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய உயிரினமாக அறிவிக்கும் யோசனை, 2022-இல் பெர்லினில் நடந்த கூட்டத்தில் சீனா உடன்படாததால் நின்றுபோனது. 2024 மே மாதம் கொச்சியில் இந்தியா நடத்திய 46-ஆவது கூட்டத்தில், கனடாவும் பெலாரஸும் ஆலோசனைத் தகுதி கோரின; இரண்டுக்கும் இசைவு கிட்டவில்லை. ஒரு நாட்டின் மறுப்பு ஒரு கண்டத்தின் முடிவைத் தள்ளிவைக்க முடியும் என்றால், அந்த அறையில் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானதன்று.

கொச்சிக்கு முன்பு, 2007-இல் தில்லியிலேயே 30-ஆவது கூட்டம் நடைபெற்றது. லார்ஸ்மன் குன்றுப் பகுதியில் பாரதி நிலையத்தை அமைப்பதற்கான வரைவுச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டறிக்கை அப்போதுதான் பிற நாடுகளின் பரிசீலனைக்கு வந்தது. நிலையம் செயல்படத் தொடங்கியது 2012-இல். அண்டார்டிகாவில் ஒரு கட்டடம் எழுப்புவதற்கு முன் உலக நாடுகளின் கேள்விகளுக்கு எவ்வளவு காலம் விடை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதற்கு இந்த ஐந்தாண்டு இடைவெளியே அளவுகோல்.

இப்போது ஏன் அவசரம்

அதே நடைமுறையை இந்தியா மீண்டும் கடக்க வேண்டியிருக்கிறது. 1983-84-இல் அமைத்த முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனியில் புதைந்து, 1990-இல் கைவிடப்பட்டது. ஷிர்மாக்கர் பாறைச் சோலையில் 1989 முதல் இயங்கும் மைத்ரி, 35 ஆண்டுகளைக் கடந்து முதுமை எய்திவிட்டது. அதற்கு மாற்றாக ‘மைத்ரி-2’ நிலையத்தை 2029-க்குள் அமைக்கும் திட்டத்தைக் கொச்சி கூட்டத்தின்போது இந்தியா வெளிப்படுத்தியது.

கப்பல் விஷயத்தில் குறை இன்னும் நீடிக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் துருவப் பயணத்துக்கு வாடகைக் கப்பல்களையே இந்தியா நம்பியிருக்கிறது. முதல் துருவ ஆய்வுக் கப்பலை உள்நாட்டில் கட்டுவதற்காகக் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம், நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத்துடன் 2025 ஜூன் மாதம் ஓஸ்லோவில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒப்பந்தத்துக்கும் கப்பலுக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது. ஐந்தாவது சர்வதேச துருவ ஆண்டு 2032-33-இல் கடைப்பிடிக்கப்படவுள்ளது. 1882-83-இல் தொடங்கிய இவ்வரிசையில், 2007-08-இல்தான் முந்தைய துருவ ஆண்டு நிகழ்ந்தது. அந்த ஆண்டுகளில் எந்தக் கருவி எங்கே வைக்கப்படும், எந்த நாட்டின் ஆய்வாளர் எந்தத் திட்டத்துக்குத் தலைமை ஏற்பார் என்பவை, இன்று ஆர்ஹுஸிலும் ஓஸ்லோவிலும் நடக்கும் திட்டமிடல் அமர்வுகளிலேயே உருப்பெறுகின்றன. 2032-இல் விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பவருக்கு எஞ்சியிருப்பது பார்வையாளர் வரிசை மட்டுமே.

‘2048-இல் அண்டார்டிக் ஒப்பந்தம் காலாவதியாகிவிடும், அதன் பின் சுரங்கம் தோண்டலாம்’ என்ற செய்தி சமூக ஊடகங்களில் அடிக்கடி உலவுகிறது. அது தவறு. கனிம அகழ்வைத் தடை செய்யும் 1991-ஆம் ஆண்டின் மாட்ரிட் நெறிமுறைக்குக் காலவரம்பு கிடையாது. 2048-க்குப் பிறகு அதன் செயல்பாட்டை மறுஆய்வு செய்ய ஆலோசனை நாடு ஒன்று கோரலாம். மாற்றத்துக்கான நிபந்தனைகளோ கடுமையானவை. உடனடிச் சிக்கல் சுற்றுலாதான். 2023-24 பருவத்தில் மட்டும் ஒரு லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அண்டார்டிகப் பகுதிக்குச் சுற்றுலா சென்றனர். இதை நெறிப்படுத்தும் விரிவான விதித்தொகுப்புக்கான பேச்சு கொச்சியில் தொடங்கப்பட்டது. இந்தியாவைப் பொறுத்தவரை, 2022-ஆம் ஆண்டின் இந்திய அண்டார்டிகச் சட்டப்படி உரிய அனுமதியின்றி அங்கே பயணக்குழு அழைத்துச் செல்வது குற்றம்.

வடதுருவத்தில் வேறு விதி

ஆர்க்டிக் கதை வேறு. அங்கே நடுவில் கடல். சுற்றிலும் இறையாண்மை கொண்ட நாடுகள். எட்டு நாடுகளைக் கொண்ட ஆர்க்டிக் கவுன்சிலில் இந்தியா 2013 முதல் பார்வையாளர். முடிவெடுப்பதில் பங்கில்லை, பணிக்குழுக்களில் அறிவியல் பங்களிப்பு செய்யலாம். ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் நை-ஆலெசுண்டில் 2008-இல் ஹிமாத்ரி நிலையம் திறக்கப்பட்டது. 2023 டிசம்பரில் முதல் குளிர்காலக் குழு தில்லியிலிருந்து வழியனுப்பப்பட்ட பின், அங்கே கோடையோடு நின்றுவிடாமல் இந்தியப் பணி தொடர்கிறது.

ஆர்க்டிக் வட்ட அமைப்பின் இந்திய மன்றம் 2025 மே 3, 4 தேதிகளில் தில்லியில் கூடியது. வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் அதில் பங்கேற்றார். மறுநாள் தலைப்புச் செய்திகளாக வந்தவை ஐரோப்பா குறித்து அவர் கூறிய கருத்துகளே. பனி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அந்தப் பனி இந்திய விவசாயிக்குத் தொலைவானதன்று. ஆர்க்டிக்கின் காரா கடலில் கோடைக்காலக் கடல்பனி குறைவதற்கும், பருவமழையின் கடைசிக் கட்டமான செப்டம்பரில் மத்திய இந்தியாவில் பெருமழை கொட்டுவதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கோவா மைய விஞ்ஞானிகள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு சுட்டியது. 2022 மார்ச்சில் வெளியான இந்தியாவின் ஆர்க்டிக் கொள்கை அறிவியலை முதல் தூணாக வைத்ததற்கு இத்தகைய கேள்விகளே அடிப்படை.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறியாளர்கள், கோவா மையத்துடன் சேர்ந்து உருவாக்கிய ‘இந்தார்க்’ என்ற நங்கூரமிட்ட கண்காணிப்புக் கருவித்தொகுதி, 2014-இல் காங்ஸ்ஃபியார்டன் கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் இறக்கப்பட்டது.

யார் போகலாம்

துருவம் என்றால் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கோவா மையம் பயணக் குழுக்களுக்காக வெளியிடும் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளைப் பார்த்தால் அது கலைந்துவிடும். மருத்துவர், ஆண் செவிலியர், வாகன மெக்கானிக், ஜெனரேட்டர் மெக்கானிக், வெல்டர், கிரேன் இயக்குநர், எலக்ட்ரீஷியன், தச்சர், சமையற்கலைஞர் ஆகியோர் ஒப்பந்த அடிப்படையில் தேவைப்படுகிறார்கள். பலவற்றுக்குத் தொழிற்பயிற்சிச் சான்றிதழும் களத்தில் பெற்ற அனுபவமும்தான் தகுதி. கோடை முடிந்து கடைசிக் கப்பல் திரும்பிய பின், இருபத்துச் சொச்சம் பேர் மட்டுமே ஒரு நிலையத்தில் எஞ்சுவார்கள். மைத்ரியில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாது. அப்போது ஜெனரேட்டர் நின்றால், அறிவியல் கட்டுரை எழுதத் தெரிந்தவரைவிட அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவரே முக்கியமானவர்.

வயதும் நினைக்கும் அளவுக்குத் தடையாக இருப்பதில்லை. இஸ்ரோ விஞ்ஞானி மங்களா மணி 2016 நவம்பரில் பாரதி நிலையத்துக்குச் சென்றபோது அவருக்கு வயது 56. அதுவரை பனிப்பொழிவையே கண்டிராதவர். 23 பேர் கொண்ட அந்தக் குழுவில் ஒரே பெண்ணாக 403 நாள் அங்கே தங்கிச் செயற்கைக்கோள் தரவுகளைப் பெறும் பணியைக் கவனித்தார். எய்ம்ஸ் பரிசோதனை, ஆலி, பத்ரிநாத் பயிற்சி ஆகிய அனைத்தையும் அவரும் கடந்தே சென்றார். இந்தியப் பெண்கள் அண்டார்டிகா செல்வது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது: கடலியலாளர் அதிதி பந்த்தும் புவியியலாளர் சுதீப்தா சென்குப்தாவும் 1983-84 பயணத்திலேயே சென்றவர்கள்.

ஆய்வாளர்களுக்கு வழி வேறு. பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் தங்கள் திட்டங்களைக் கோவா மையத்தின் அழைப்புக்கு ஏற்பச் சமர்ப்பிக்கலாம். நிபுணர் குழுவின் ஒப்புதல் கிடைத்தால் பயணம், உடை, தங்குமிடம் ஆகியவற்றை மையமே ஏற்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும், தில்லியை அடுத்த ஃபரிதாபாத்தில் துருவ ஆய்வுப் பிரிவை வைத்திருக்கும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் தங்கள் ஊழியர்களை நேரடியாக அனுப்புகின்றன.

அயல்நாட்டு ஆய்வகத்தில் சில மாதம் பணியாற்ற அண்டார்டிக் அறிவியல் குழுவும், பணிக்குழுக்களில் இளம் ஆய்வாளர்களை ஈடுபடுத்த சர்வதேச ஆர்க்டிக் அறிவியல் குழுவும் நல்கைகள் அளிக்கின்றன. இரண்டிலும் இந்தியா உறுப்பினர் என்பதால் இந்திய மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். இளம் துருவ விஞ்ஞானிகள் சங்கத்தில் சேரக் கட்டணம் இல்லை. பல மாநாடுகளின் பயண உதவி அறிவிப்புகள் முதலில் அங்கேதான் கிடைக்கின்றன.

ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் கோவா மையத்தின் இணையதளத்திலும் புவி அறிவியல் அமைச்சகத்தின் இணையதளத்திலும் வெளியாகின்றன. கோடைக் குழுக்கள் புறப்படுவது ஆண்டின் இறுதியில். எய்ம்ஸ் பரிசோதனையும் ஆலி பயிற்சியும் அதற்கு முன்பே முடிய வேண்டும் என்பதால், விண்ணப்பிக்க விரும்புபவர் ஆண்டின் தொடக்க மாதங்களிலிருந்தே இந்தத் தளங்களைக் கவனித்துவர வேண்டும்.