தொண்டையில் சிக்கிய முள்

பிப்ரவரித் திங்கள் 3-ஆம் நாள், மந்திரிக்கப்பெற்ற மெழுகுதிரிகள் இரண்டைக் குறுக்காகப் பிடித்துக் குருவானவர் நம் தொண்டையருகே வைத்து ஆசீர் அளிப்பார். அன்று செபஸ்தே நகரின் ஆயரும் மறைசாட்சியுமான புனித பிளாசியுஸ் திருநாள். தொண்டையில் மீன்முள் சிக்கி உயிருக்குப் போராடிய சிறுவனை அவன் தாய் அவரிடம் கொணர்ந்தாள் என்றும், அவருடைய மன்றாட்டினால் அவன் பிழைத்தான் என்றும் மரபு கூறும். அவர் மருத்துவராயும் இருந்தார் என்பது அம்மரபின் மற்றொரு கூறு. இதனை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

நம் வீட்டில் முள் சிக்கினால் நாம் செய்வது யாது? வெறுஞ்சோற்றை உருட்டி, மெல்லாமல் விழுங்கச் சொல்கிறோம், இல்லையேல் வாழைப்பழம். சில வேளைகளில் முள் இறங்கியும் விடுகிறது. அதனாலன்றோ இப்பழக்கம் நிலைத்தது! ஆனால் முள் பெரும்பாலும் டான்சில் சதையிலோ நாவின் அடியிலோ குத்தி நிற்கும். காது மூக்குத் தொண்டை மருத்துவர் விளக்கொளியில் பார்த்து இடுக்கியால் எடுத்துவிடக் கூடிய அதனைச் சோற்றுருண்டை ஆழத் தள்ளிவிடலாம். உணவுக்குழாய் துளைபட்டால் நெஞ்சினுள் சீழ் கட்டும், உயிருக்கே இடராகும். விரலை விட்டுத் துழாவுவதும் தீங்கே. முள் இறங்கிய பின்னும் கீறல் உறுத்துவதுண்டு. எனினும், விழுங்குந்தோறும் ஒரே இடத்தில் குத்துமாயின் மருத்துவரிடம் செல்வதே முறை. காய்ச்சலோ, கழுத்து வீக்கமோ, எச்சிலையும் விழுங்க இயலாமையோ கண்டால் பெரிய மருத்துவமனைக்கு உடனே விரைய வேண்டும்.

இத்துறையில் பெரும்பணி ஆற்றியவர் அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் (1865–1958). நுனியில் சிறு விளக்குப் பொருத்திய குழாயை வாய்வழியே செலுத்தி, மூச்சுக்குழாயிலும் உணவுக்குழாயிலும் சிக்கியவற்றை, கழுத்தையோ மார்பையோ அறுக்காமலே அவர் எடுத்தார். ஊக்கு, பொத்தான், நாணயம், எலும்பு என அவர் சேர்த்து வைத்த 2,000-க்கு மேற்பட்ட பொருள்கள் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

முள்ளினும் கொடிய பொருளொன்று இன்று நம் வீடுகளில் கிடக்கிறது. பொம்மைகளிலும் சிறு ரிமோட்டுகளிலும் உள்ள வட்டமான பொத்தான் பேட்டரியையே கூறுகிறோம். உணவுக்குழாயில் அது தங்கினால், ஈரத்தின் வழியே மின்னோட்டம் எழுந்து, 2 மணி நேரத்திற்குள்ளேயே சதையை வெந்துபோகச் செய்யும். நாணயம்தானே, மலத்தோடு போய்விடும் என்று காத்திருத்தல் ஆகாது. வாந்தியெடுக்கச் செய்யவும் கூடாது. சிறு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லத் தெரியாது. திடீரென உணவை மறுக்கும், எச்சில் ஒழுகும், இருமும். அவ்வேளையில் ரிமோட்டின் பின்மூடி கழன்று கிடந்தால், இரவென்றும் பாராது எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிச் செல்ல வேண்டும்.