பேச்சு வராத பேரனும் பள்ளிக்கூடத்தின் கடமையும்

நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் போய்வருபவர்கள், அங்குள்ள குளிரைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் உற்சாகமாகப் பேசுவார்கள். ஒரு விஷயத்தை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: "பேரனுக்கு மூணு வயசு முடிஞ்சும் பேச்சு வரலை, சார்."

நண்பர் ஒருவர் வீட்டில் நடந்தது இது. பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று குழந்தை மருத்துவர் சொன்னார். "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்றார் பாட்டி. மகனுக்கோ வேறு பயம். பிள்ளைக்கு ஒரு முத்திரை விழுந்துவிடுமோ, விசாவில் வந்த நாம் இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்கினார். இப்படியே பதினான்கு மாதங்கள் போய்விட்டன. குழந்தைப் பருவத்தில் அது பெரிய இழப்பு. மற்றக் குடும்பங்களுக்கு அந்த இழப்பு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அங்கே 'பள்ளி மாவட்டம்' என்பது நம் கலெக்டர் மாவட்டம் போன்றதல்ல. ஓர் ஊர் அல்லது சில ஊர்களின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு அது. பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்த குழு அதை நிர்வகிக்கிறது. சொத்துவரி அதன் முக்கிய வருமானம்.

1975-க்கு முன் அந்த நாட்டிலும் ஊனமுற்ற குழந்தைகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பள்ளிக்கு வெளியேதான் இருந்தார்கள். பெற்றோர்கள் நீதிமன்றம் சென்று போராடினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 29-ம் தேதி ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் நிலைமையை மாற்றியது. 1990-ல் அதற்குப் புதுப் பெயர் வந்தது. 'ஐடியா' சட்டம் என்று இன்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். தகுதியுள்ள குழந்தைக்கு 3 வயதிலிருந்து 21 வயது வரை, அதன் தேவைக்கேற்ற கல்வியைச் செலவின்றித் தரவேண்டியது அரசுப் பள்ளியின் கடமை. குடும்பத்தின் வருமானத்தை யாரும் கேட்பதில்லை. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மாநில அரசின் தனித் திட்டம் உண்டு.

நடைமுறை இதுதான். பெற்றோர் தேதியிட்டு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பரிசோதனைக்குப் பெற்றோர் சம்மதம் தந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அது முடியவேண்டும். மாநிலம் தனிக் கெடு வைத்திருந்தால் அதன்படி. தகுதி உண்டென்று முடிவானால் 30 நாட்களுக்குள் கூட்டம் கூட்டி, அந்தக் குழந்தைக்கென்றே ஒரு கல்வித் திட்டம் தயாரிக்க வேண்டும். 'ஐ.இ.பி.' என்பது அதுதான். பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை நிமிடம், உதவியாளர் தேவையா, பஸ் வசதி உண்டா எல்லாம் அதில் எழுதப்படும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைத் திருப்பிப் பார்க்கவேண்டும். முடிந்தவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தே படிக்க வைக்கவேண்டும் என்பதும் சட்டம்.

பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராமல் இந்தச் சேவையைத் தொடங்க முடியாது. ரயில்வேக்காரன் பாஷையில் சொன்னால், 'லைன் கிளியர்' பெற்றோர் கையில். பின்னால் வேண்டாமென்று எழுதிக் கொடுத்து நிறுத்தவும் உரிமை உண்டு. ஆகவே முத்திரைக்குப் பயப்பட வேண்டியதில்லை. விசாவைப் பற்றியும் கவலை வேண்டாம். குடியேற்ற நிலையைக் காட்டி அரசுப் பள்ளி ஒரு குழந்தையை மறுக்க முடியாது என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

மொழி விஷயத்தையும் சொல்லவேண்டும். வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பேச்சு தாமதமாகிறது என்று நினைத்துத் தமிழை நிறுத்திவிடுகிற குடும்பங்கள் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குறை வருவதில்லை. ஆங்கிலம் தெரியாததை மட்டும் வைத்து ஊனம் என்று முடிவு கட்டக்கூடாது. முடிந்தவரை குழந்தைக்குத் தெரிந்த மொழியிலேயே பரிசோதிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வீட்டு மொழி தமிழ் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகச் சொன்ன மத்திய அரசு அதை ஒருநாளும் முழுதாகத் தந்ததில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கும் பற்றாக்குறை. அதனால் சில மாவட்டங்கள் பேரம் பேசும். அப்போது விட்டுவிடக்கூடாது. கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் பெற்றோர் தொடுத்த வழக்கில், பெயரளவு முன்னேற்றம் போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்குத் தக்க முன்னேற்றத்துக்கு வழிசெய்ய வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது.

இங்கே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 2016-ம் ஆண்டுச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. ஊர் மாறும் குடும்பங்கள் யு.டி.ஐ.டி. அட்டை வாங்கி வைத்துக்கொண்டால் அது நாடு முழுவதும் செல்லும்.

தாத்தா பாட்டிகளுக்கு என் வேண்டுகோள்: "தானாகச் சரியாகும்" என்று ஆறுதல் சொல்வதோடு நிற்காமல், "இன்றே எழுதிக் கொடு" என்று பிள்ளைகளைத் தூண்டுங்கள். பரிசோதனையில் குறை ஒன்றுமில்லை என்று தெரிந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். இருந்தால், உதவி சீக்கிரம் தொடங்கும்.